முத்தியால்பேட்டை விஷ பாய்லர்

போன வாரம் நோணாங்குப்பத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். படகுத்துறைக்குப் பக்கத்தில் தங்கும் விடுதி கட்டியிருக்கிறாராம். வந்து தங்குகிறவர்கள் விறகு வெந்நீரில் குளிக்க ஆசைப்படுகிறார்களாம். "காதர் பாய், எத்தினி கட்ட போடணும்? எத்தினி நிமிஷத்துல சுடும்?" என்று கேட்டார். எனக்கு ஆயாசமாக வந்தது. ஆயுசு முழுக்க இந்த இரண்டு கேள்விகளைத்தான் கேட்டிருக்கிறார்கள். எரிந்து முடிந்த பிறகு மிச்சமிருப்பதை என்ன செய்வது என்று ஒரு பேச்சுக்குக்கூட யாரும் கேட்டதில்லை.

முட்டி இரண்டும் போய்விட்டன. பட்டறையை மூடியும் வெகுநாளாயிற்று. எனக்கென்ன வந்தது என்று இருந்திருப்பேன். ஆனால் அந்தத் தம்பி போனை வைக்கும்போது, "ஒரு காலத்துல முத்தியால்பேட்டையில விஷ பாய்லர்னு ஒண்ணு இருந்துச்சாமே, அது மாதிரி ஆயிடக்கூடாது பாய்" என்றார். அதைக் கேட்ட பிறகு சோறு இறங்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் அத்தா முல்லா வீதியில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். எனக்கும் அந்தப் புகைதான் பள்ளிக்கூடம். செம்பு தட்டவும் பற்றவைக்கவும் தெரிந்ததும் முசேயின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். சவரிநாதன் என்பது அவர் பெயர். முசே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மற்ற சொல்தாக்கள், அதாவது பென்ஷன் வாங்கும் சிப்பாய்கள், சாயங்காலமானால் இரும்புக் குண்டு உருட்டி விளையாடப் போவார்கள். இந்த மனிதர் பட்டறை போட்டு வீட்டு பாய்லர் செய்தார். பட்டாளத்தில் அவருக்கு வெந்நீர் போடுகிற வேலையாம். "துப்பாக்கியவிட பாய்லரத்தான் அதிகமா பார்த்தேன்" என்பார்.

அந்த பாய்லரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இடுப்பு உயரச் செம்புப் பீப்பாய். நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய். அதற்குள் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். ஒரு பக்கம் புனலில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இன்னொரு பக்கம் மூக்கு வழியாக அதே அளவு வெந்நீர் விழும். அடியில் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் தட்டு, தட்டுக்கு ஒரு சின்னக் கதவு. தலையில் புகைபோக்கி. திருகுகிற குழாய் எதுவும் கிடையாது. அது இல்லாததுதான் அதன் பாதுகாப்பு.

இது புரியாமல் தவளக்குப்பத்தில் ஒரு வீட்டு மாப்பிள்ளை, பார்க்க நாகரிகமாக இருக்கட்டுமென்று மூக்கில் ஒரு பித்தளைக் குழாய் மாட்டித் திருகிவிட்டார். பல்லி விழுகிறது என்று அந்த வீட்டுக்காரர் புனலில் மரக்கட்டையை அடைத்திருந்தார். நீராவி எங்கே போகும்? நாங்கள் போனபோது செம்பு பொன்னுக்கு வீங்கி வந்த கன்னம் மாதிரி உப்பியிருந்தது. முசே விறகை வெளியே இழுத்துப் போட்டு, ஆற விட்டு, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அந்த வீக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். மாப்பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. திட்டு கிடையாது, அதட்டல் கிடையாது. முசேயின் சுபாவம் அது.

பாய்லர் பொருத்தினால் அவர் பற்றவைக்க மாட்டார். அந்த வீட்டில் தினமும் யார் பற்றவைக்கப் போகிறார்களோ அவர்கள்தான் செய்ய வேண்டும். முதலில் மூக்கு வழியாகத் தண்ணீர் வழியும்வரை நிரப்ப வேண்டும். அதற்கு முன் தீக்குச்சி எடுக்கக்கூடாது. ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழாய்க்கு அடியில் காட்ட வேண்டும். சுடர் மேலே இழுபட்டால் புகைபோக்கிக்கு உயிர் இருக்கிறது. வெளியே சாய்ந்தால் ஒட்டடை அடைத்திருக்கிறது, அன்றைக்கு நெருப்பு கிடையாது. பிறகு தேங்காய் நார், அதன்மேல் சிராய், அதன்மேல் மணிக்கட்டுப் பருமனில் காய்ந்த சவுக்கு. திணிக்கக்கூடாது. திணித்தால் பின்னாலிருந்து "துஸ்மா, துஸ்மா" என்று குரல் வரும். மெள்ள, மெள்ள என்று அர்த்தம். தண்ணீர் முனக ஆரம்பித்ததும் விறகு போடுவதை நிறுத்திவிட்டுச் சாம்பல் கதவை விரற்கடை விட்டுச் சாத்த வேண்டும். மீதி வேலையைத் தணல் பார்த்துக்கொள்ளும். நல்ல தணல் இருந்தால் தண்ணீர் மத்தியானம்வரை சுடும்.

புகையைப் பார்த்தே முசே எல்லாம் சொல்வார். வெள்ளைப் புகை வந்தால் விறகு ஈரம். கறுப்பாக வந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டுகிறது. ஒழுங்காக எரிகிற பாய்லரின் புகைபோக்கி மேல் புகையே தெரியாது, காற்று மட்டும் நெளியும்.

இத்தனையும் கற்றுக்கொள்வார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கமாட்டார்கள். பாய்லர் இருக்கிற இடத்துச் சுவரில், தரையை ஒட்டி ஒரு ஓட்டை விடச் சொல்வார் முசே. "நெருப்புக்கும் மூச்சு வேணும், உங்களுக்கும் மூச்சு வேணும்" என்பார். தலையாட்டுவார்கள். அடுத்த தடவை போனால் ஓட்டை அடைத்திருக்கும். எலி வருகிறது, பாம்பு வருகிறது, எதிர்வீட்டான் எட்டிப் பார்க்கிறான், காத்து வருகிறது. அட, காத்து வரத்தானய்யா ஓட்டை! அங்கிருந்து நான் பிடுங்கிப் போட்ட பழம்புடவைகளைச் சேர்த்திருந்தால் ஒரு கடையே வைத்திருக்கலாம். கனகசெட்டிக்குளத்தில் ஒருவர் சிமெண்டே பூசிவிட்டார். உளியால் கொத்திக் கொத்தி எனக்குத் தோள் விட்டுப் போயிற்று.

இப்போது முத்தியால்பேட்டைக்கு வருகிறேன்.

அப்போது ஐப்பசி அடைமழை. அலமேலு அம்மாள் நனைந்த குடையோடு பட்டறைக்குள் வந்தார். கணவரில்லை, இரண்டு பெண்கள். சில வருஷத்துக்கு முன் அவர் வீட்டுக் கொல்லைத் தாழ்வாரத்தில் நாங்கள் பாய்லர் பொருத்தியிருந்தோம்.

"முசே, உங்க பாய்லர வந்து கழட்டிக்கினு போயிடுங்க" என்றார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"கட்ட கட்டயா முழுங்குது. கொஞ்ச நேரத்துல தண்ணி பச்சத் தண்ணியா ஆயிடுது. அது தொலையட்டும். சின்னவ மல்லிகா பெத்துட்டு வந்திருக்கா. குளிச்சிட்டு வந்து படுத்தா கண்ணு சொருகிடுது. தல வெடிக்குதுன்னு அழுவுறா, வாந்தி எடுக்குறா. கொழந்த பாலுக்குக்கூட முழிக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரியில ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

"யாரு பத்த வைக்கிறாங்க?"

"வேற யாரு, பெரியவதான். அவ ராசிதான் ஊருக்கே தெரியுமே."

பெரியவள் வசந்தா. ஊருக்குத் தெரிந்த அந்தக் கதை எனக்கும் தெரியும். பாய்லர் பொருத்திய பிறகு அவளுக்கும் அதே வீட்டில்தான் தலைப்பிரசவம் பார்த்தார்கள். ஒரு நாள் குளித்துவிட்டுக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கியவள் எழுந்தபோது குழந்தை எழவில்லை. அசந்து தூங்கிக் குழந்தைமேல் புரண்டுவிட்டாள் என்றார்கள். பெற்ற பிள்ளையை நசுக்கியவள் என்று பேர். புருஷன் வீட்டில் திரும்பச் சேர்க்கவில்லை. அம்மா வீட்டில் தண்ணீர் சேந்தி, துணி துவைத்து, பாய்லர் எரித்துக்கொண்டு இருந்தாள். தங்கை குழந்தையைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. அந்த அறை வாசப்படியைக்கூட மிதிக்கக்கூடாது.

மறுநாள் காலையில் போனோம். முசே புகைபோக்கியைத் தட்டிப் பார்த்தார். காகிதம் கொளுத்தினார், சுடர் சரசரவென்று மேலே போயிற்று. சுவர் ஓட்டை திறந்தே இருந்தது. ஒரு வலை மட்டும் கட்டியிருந்தாள் வசந்தா. விறகை மழையில் விடாமல் சமையலறைப் பரண்மேல் அடுக்கிக் காயவைத்திருந்தாள். அவள் பற்றவைத்ததைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஒரே ஒருமுறை "த்ரே பியேன்" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவது சாமானியமில்லை. கூரைக்கு மேலே பார்த்தேன். புகை இல்லை, காற்றுதான் நெளிந்தது.

குளிக்கும் நேரம் வந்ததும் எங்களை முன்கட்டுக்கு அனுப்பிக் காபி கொடுத்தார்கள். குளித்துவிட்டு மல்லிகா கூடத்தின் வழியாக அறைக்குப் போனாள். சொந்தக் காலில், தெளிவாகத்தான் நடந்து போனாள். முசே காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "குளிக்கிற எடத்துல கோளாறு இல்ல காதர்" என்றார் மெதுவாக.

திரும்பக் கொல்லைக்குப் போய், பாய்லரை முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் சாம்பல் கதவைத் திறந்தார். சல்லடைமேல் ஒன்றுமே இல்லை. இரண்டு கரித்துண்டு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

"காதர், தணல் எங்க?"

"எரிஞ்சி போயிருக்கும் முசே."

"அத்தினி சவுக்கு போட்டிருக்கா. மத்தியானம் வரைக்கும் நிக்கணும். எரிஞ்சிருந்தா சாம்பலு எங்க?"

துவைக்கிற கல்லருகில் இருந்த வசந்தா நிமிர்ந்தாள். "அம்மா எடுத்துக்கினு போனாங்க முசே. சாம்பிராணிக்கு."

"எவ்ளோ?"

"சட்டி நெறைய. தெனமும் அப்படித்தான். தலைக்குப் பொகை காட்டிட்டு, கட்டிலுக்கு அடியில வச்சிடுவாங்க. பச்ச ஒடம்புக்குக் குளிர் ஆவாதுன்னு."

"ரூமு கதவு?"

"சாத்திடுவாங்க. காத்து படக்கூடாதில்ல. சந்துலகூட துணி வச்சிடுவாங்க."

முசே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அறைக் கதவைத் தட்டினார், உள்ளே சத்தமில்லை. சமையலறையிலிருந்து அலமேலு அம்மாள் கரண்டியோடு வந்தார். "ஐயையோ, தீட்டு ரூமு முசே! ஆம்பளைங்க போவக்கூடாது. இப்பத்தான் ரெண்டு பேரும் அசந்து தூங்குறாங்க."

"அது தூக்கமில்லம்மா!" என்று கத்தியவர், பின்னால் ஈரக்கையோடு நின்ற வசந்தாவைப் பார்த்தார். "நீ போம்மா. கொழந்தையத் தூக்கு."

"அவளா? அவ கையாலயா?" என்று அலமேலு அம்மாள் குறுக்கே வந்தார். வசந்தா அம்மாவை ஒதுக்கித் தள்ளினாள். கதவை உதைத்த உதையில் சந்திலிருந்த துணி பறந்தது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்து மழைக்கு ஓடினாள். அதன் கன்னம் நல்ல ஆரோக்கியம் போலச் சிவந்திருந்தது. கை மட்டும் துவண்டு தொங்கியது. தீட்டாவது மண்ணாவது! நானும் முசேயும் உள்ளே நுழைந்து மல்லிகாவைக் கட்டிலிலிருந்து பாயோடு தூக்கி வெளியே கொண்டுவந்தோம். அந்த அறையில் புகை ஒரு பொட்டுகூட இல்லை, சாம்பிராணி வாசனைதான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயே எனக்கு நெற்றிப்பொட்டு விண்ணென்று தெறித்தது.

தூறல் முகத்தில் விழ விழ, வசந்தா குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்தாள். "அழுடா, அழுடி, ஏதாவது அழு" என்று பிதற்றினாள். அல்லாவே என்று நான் நின்றேன். பிறகு அது பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டது. இரண்டாவது சத்தம் தெருவுக்கே கேட்டது. மல்லிகாவும் புரண்டு வாந்தியெடுத்தாள். நான் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்தேன்.

முசே வெளியே எடுத்துவைத்திருந்த தணல் சட்டி மழையில் புஸ்ஸென்று அவிந்துகொண்டிருந்தது. வசந்தா அதையே பார்த்தாள்.

"முசே... அப்ப என் புள்ள? நான் பொரண்டு படுக்கலியா?"

"இல்லம்மா. நீ பொரளல. ஒன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அலமேலு அம்மாள் சட்டியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கும் இதே சட்டியதான வச்சேன்! அப்ப நானா முசே? நானா கொன்னேன்?"

முசே இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வேலையில் ஒரு குறை சொன்னால் ஊரையே கூட்டி நிரூபித்துக்காட்டுகிற மனிதர் அவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"நீங்களும் இல்லம்மா. பாய்லர்தான். என் சல்லடை சரியில்ல. அதுல எரியற தணலு விஷமாயிடுது. அன்னிக்கும் அதான், இன்னிக்கும் அதான். தப்பு என்னுது. இனிமே தணலுன்னு எதையும் ரூமுக்குள்ள எடுத்துக்கினு போவாதீங்க. சாம்பிராணி காட்டணும்னா முத்தத்துல காட்டுங்க, வானத்துக்குக் கீழ. இப்ப கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

திரும்பி வரும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் சைக்கிளைப் போட்டு உடைத்துவிடலாம் போலிருந்தது. "சல்லடையில இன்னா முசே கோளாறு? ஏன் பொய் சொன்னீங்க? நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

அவர் நிற்கக்கூட இல்லை. "பாய்லரு செம்பு, காதர். பழிய தாங்கும். அந்தப் பொம்பள தாங்க மாட்டா. தாயும் மகளும் சாவுற வரைக்கும் ஒரே வீட்டுல ஒண்ணா சோறு துன்னணும் இல்ல?" என்றார்.

பழியைச் செம்பு தாங்கியது, பட்டறை தாங்கவில்லை. அலமேலு அம்மாள் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்: சவரிநாதன் போட்டது விஷ பாய்லர், என் பேரப்பிள்ளையைத் தின்றது அதுதான். சொல்லும்போதெல்லாம் மண்ணைவாரித் தூற்றுவாராம். வாங்குவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. பொருத்தியவர்கள் கழற்றச் சொன்னார்கள். முசேக்குப் பென்ஷன் இருந்தது, எனக்கு என்ன இருந்தது? தண்ணீர்க்குழாய், மோட்டார், கடைசியில் கீசர் என்று கிடைத்த வேலையைச் செய்து குழந்தைகளைக் கரையேற்றினேன். முசே செத்தபோது கல்லறைக்கு ஒரு கை விரலுக்குள் அடங்கும் ஆட்கள்தான் வந்தோம். அந்தக் கோபம் எனக்கு இத்தனை வருஷமாக ஆறவில்லை. நியாயம் தெரிந்தும் ஆறவில்லை.

அந்த வீட்டிலிருந்து இந்த வருஷம் கூப்பிட்டார்கள். அன்று மழையில் அழுத குழந்தை கௌரி இப்போது பெற்றுவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் கீசர் இருக்கிறது. ஆனாலும் பிள்ளை பெற்ற உடம்புக்கு விறகு வெந்நீர்தானாம். பழைய பாய்லருக்குச் சல்லடை இற்றுப்போய்விட்டது, வேறு ஆள் தெரியாது என்றார்கள். வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். காலைத் தேய்த்துக்கொண்டு போனேன்.

பாய்லர் அதே தாழ்வாரத்தில் இருந்தது. புளி போட்டுத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். நான் சல்லடையை மாற்றிக்கொண்டிருந்தபோது கௌரி குளித்துவிட்டு முற்றத்தில் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தலை நரைத்த வசந்தா கொஞ்சம் தணலைச் சட்டியில் எடுத்துவந்து, திறந்த வானத்துக்குக் கீழே அவள் கூந்தலுக்குச் சாம்பிராணி காட்டினார். பிறகு சட்டியில் தண்ணீரைக் கொட்டினார்.

"வெளியில காட்டுறீங்களேம்மா" என்றேன், சும்மா.

"எங்க வீட்டுப் பழக்கம் அங்கிள், காலங்காலமா அப்படித்தான்" என்றாள் கௌரி. "பெரியம்மா வேற மாதிரி செய்ய வுட மாட்டாங்க. என்னை வளர்த்ததே அவங்கதானே." குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

வசந்தா பாய்லர் பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா போன ஆடியில போயிட்டாங்க பாய்" என்றார்.

"கேள்விப்பட்டேன்மா."

"முசே பொய் சொன்னாருன்னு எனக்கு அப்பவே தெரியும்."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"தெனம் இத எரிச்சவ நானு. இதே தணல்லதான் அப்பளம் சுட்டேன், இதே தாவாரத்துலதான் பனிக்குக் குந்திக் குளிர் காஞ்சேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே! சல்லடையில கோளாறுன்னா மொதல்ல நான்தான போயிருப்பேன்?"

"அப்ப ஏம்மா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். குரலில் காரம் இருந்தது. இருக்கட்டுமே.

"அம்மாவுக்கும் தெரியும் பாய். அதான் அப்புறம் கழட்டச் சொல்லல. சாவுற வரைக்கும் ஒரு நாளும் இந்தப் பாய்லர் பக்கம் நிமிந்து பாக்கல. வெளிய போய் இதத் திட்டுவாங்க, வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டுட்டு மூஞ்சப் பாக்காம எழுந்து போயிடுவாங்க. நானும் சேந்து இதத் திட்டுவேன். திட்டித் திட்டித்தான் ரெண்டு பேரும் ஒரு வீட்டுல காலத்த ஓட்டினோம். முசே அத எங்களுக்குக் குடுத்துட்டுப் போனாரு." முந்தானையால் செம்பைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "இனிமே யாருக்காவ? அவரு பேர நீங்க சரி பண்ணிடுங்க பாய். எனக்கு எழுத வராது."

எனக்கும் இப்படித்தான் எழுத வரும்.

நோணாங்குப்பத்துத் தம்பி, நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் இதுதான். எரிந்து முடிந்த தணலைப் பாய்லரிலேயே விட்டுவிடுங்கள், அது தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும். வெளியே எடுத்தால் தண்ணீர் ஊற்றி அவித்துவிடுங்கள். கதவு சாத்திய அறைக்குள் எந்த அடுப்புத் தணலும் போகக்கூடாது. புகை இல்லை என்றால் கெடுதல் இல்லை என்று நினைக்காதீர்கள்; தணல் விடுகிற விஷக்காற்று கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் எட்டாது.

அப்புறம், முத்தியால்பேட்டையில் சவரிநாதன் முசே பொருத்தியது விஷ பாய்லர் இல்லை. சல்லடையை நானே கழற்றிப் பார்த்தேன். அது நல்ல பாய்லர்.